பரிசுத்தத்துக்குள் ஒளிந்திருக்கும் சுத்தம்

பாமாவின் 'கருக்கு' 1992-இல் மதுரையிலிருந்து வெளிவந்தது. அதைத் தலித் தன்வரலாறு என்றே வாசித்து வந்திருக்கிறோம். அது சரிதான். கூடவே, கன்னியர் மடத்துக்குள் போய்ச் சில ஆண்டுகள் வாழ்ந்து வெளியேறிய ஒரு பெண்ணின் கதையும் அது. பரிசுத்தமாதல் என்னும் கிறித்தவக் கோட்பாட்டின் மீதான விமர்சனமாகவும் அதை வாசிக்க வேண்டும் என்கிறேன்.

மீட்கப்பட்டதோடு காரியம் முடிவதில்லை, வாழ்நாள் முழுதும் ஆவியின் துணையோடு அன்பில் வளர வேண்டும் என்கிறது அந்தக் கோட்பாடு. இந்த அழைப்பு துறவியருக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும் உரியது என்று 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது.

தமிழுக்கு வந்தபோது இது 'பரிசுத்தம்', 'தூய்மை' என்றானது. இரண்டுக்குள்ளும் சுத்தம் இருக்கிறது. சுத்தம் இங்கே வெறும் சொல்லா? கொட்டாம்பட்டிப் பக்கம் சாமி காரியம் என்றால் "சுத்தபத்தமா இருக்கியா?" என்ற கேள்வி பெண்ணிடம்தான் வரும். தெருவைப் பிரிப்பதும் இதே சுத்தம்தான். மாற்கு நற்செய்தியில் பன்னிரண்டு ஆண்டு உதிரப்போக்குள்ள பெண் இயேசுவின் ஆடையைத் தொடுகிறாள். தீட்டு அவரிடம் போகவில்லை. நலம் அவளிடம் வருகிறது. நம் சபைகள் இந்தக் கதையைப் பிரசங்கித்துவிட்டு, சுத்தபத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டன.

'கருக்கு' கை வைப்பது இங்கேதான். ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கப் போனவர், வசதியுள்ள பிள்ளைகளுக்கான பள்ளியையும் வசதியான மட வாழ்வையும் காண்கிறார். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளில் ஏழ்மை பெயருக்கு நிற்கிறது, கீழ்ப்படிதல் கேள்வி கேட்பவரின் வாயை அடைக்கிறது. கற்பைக் காக்க மதிலும் ஒழுங்கும் உண்டு. சாதியை விட்டொழிக்க எந்த வார்த்தைப்பாடும் இல்லை.

மடத்தை விட்டு வந்ததைத் தோல்வியாகப் படிப்பவர்கள் உண்டு. நூலிலேயே வேதனையும் தனிமையும் நிறைய இருப்பதால் அந்த வாசிப்புக்கு இடமும் இருக்கிறது. எனக்கு அது போதவில்லை. அன்பில் வளர்வதுதான் பரிசுத்தம் என்றால், பொய்யோடு இருக்க முடியாமல் வெளியேறியதும் அந்த வளர்ச்சியில் ஒரு படிதான். மடத்துக்குள் பணிந்து பழகிய சுத்தத்தை விட, வேலையும் பாதுகாப்பும் இல்லாமல் வெளியே வந்து நின்ற அந்த உண்மை கோட்பாட்டுக்கு நெருக்கமானது. வெளியேறிய பெண்களின் கணக்கையும் சேர்த்துக்கொள்ளாதவரை, புனிதத்தைப் பற்றிய சபையின் பேச்சு அரைகுறையாகவே இருக்கும்.