கருணைத் தொகையா, உரிமையா?
பள்ளிவாசல் மலையிலிருந்து ஒரு வாசிப்பு

அடிமாலியிலிருந்து மூணாறுக்கு ஏறும் சாலையில் பள்ளிவாசல் வரும். நம் சங்கத்துக் குடும்பங்களில் பலவும் விடுமுறைக்கு அந்த வழியாகப் போய் வந்தவைதாம். கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் 1940இல் இயங்கத் தொடங்கிய இடம் அது. ராட்சதக் குழாய்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். தேயிலைச் சரிவில் நின்று படம் எடுத்துக்கொள்வோம். கொழுந்து எடுக்கிற அம்மா ஒருவர் தமிழ்ப் பேச்சைக் கேட்டு நிமிர்ந்து பார்ப்பார். "நீங்க எந்த ஊரு?" என்று கேட்பார். சொல்வோம். அதே கேள்வியை அவரிடம் திருப்பிக் கேட்கத் தோன்றாது.

மனித உரிமை பற்றி இம்மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது எனக்கு அந்த அம்மாதான் நினைவுக்கு வந்தார். 1948 டிசம்பர் 10இல் ஐ.நா. சபை ஏற்ற பிரகடனம், 1993இல் அமைந்த தேசிய மனித உரிமை ஆணையம் என்று கல்லூரிகளில் இது இன்று ஒரு பாடம். ஆனால் தோட்டத் தொழிலாளியைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் அறிந்தது பாடப் புத்தகத்தால் அல்ல, கதையாலும் சினிமாவாலும்தான். அவை நமக்கு எதைக் கற்றுக்கொடுத்தன என்பதே என் கேள்வி.

அழக் கற்ற வாசகர்

பிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களுக்காகப் பாரதியார் அழுதார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன மருதியைப் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் காட்டினார். பிறகு டாக்டர் பி.எச். டேனியல் வந்தார். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்து, தொழிலாளர் சங்கமும் கட்டியவர். 1969இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' நாவல், இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வந்தது. அதைத் தழுவியே இயக்குநர் பாலா 2013இல் 'பரதேசி' எடுத்தார்.

இந்த நாவலை நான் இரண்டு முறை படித்தேன். முதல் முறை அழுதேன், அவ்வளவுதான். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் இது ஒரு கணக்குப் புத்தகமும் கூட என்று உறைத்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணி கொடுத்த முன்பணத்தோடு புறப்படுகிற கருப்பனும் வள்ளியும் உழைக்க உழைக்கக் கடன் தீரமாட்டேன் என்கிறது. அது எப்படி என்பதை டேனியல் விளக்குகிறார். சாட்டையை விடக் கணக்குப் பேரேடுதான் அங்கே கொடியது. சங்கம் கட்டியவரின் கை அந்தப் பக்கங்களில் தெரிகிறது.

படத்தில் அந்தக் கை இல்லை. மனைவியும் பிள்ளையும் அதே தோட்டத்துக்கு வந்து சேர, நாயகன் மலையில் உட்கார்ந்து கதறுவதோடு 'பரதேசி' முடிகிறது. பார்த்தவர்கள் கலங்கித்தான் வெளியே வந்தோம். ஆனால் அந்தக் கதறல் யாரையும் எதுவும் கேட்பதில்லை. நோயாளியை மனுஷனாக மதித்த நாவலின் டாக்டர், படத்தில் ஆடிப்பாடி மதம் பரப்புகிறவராக மாறிவிடுகிறார். அக்கிரமம் முழுவதும் வெள்ளைக்காரன் காலத்தோடு போய்விட்டது என்கிற ஆறுதலையும் படம் நமக்குக் கொடுத்துவிடுகிறது. ஒரு கலைப்படைப்பு நம்மை அழவைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் வைத்தால், அதை நான் குறை என்றே சொல்வேன்.

கணக்குக் கேட்ட பெண்கள்

2015 செப்டம்பரில் மூணாறில் நடந்தது எந்தக் கதையிலும் வராதது. 2005இல் டாட்டா டீயிடமிருந்து தோட்டங்களை ஏற்ற கண்ணன் தேவன் கம்பெனியில் தொழிலாளர்களும் பங்குதாரர்கள். முந்தைய ஆண்டு 19 விழுக்காடு கொடுத்த போனஸ், அந்த ஆண்டு 10 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான பெண்கள் வேலையை விட்டு இறங்கி வந்து சாலையில் உட்கார்ந்தார்கள். 20 விழுக்காடு போனஸ் வேண்டும், 232 ரூபாய் நாள் கூலி 500 ஆக வேண்டும் என்றார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டவே சேர்க்கவில்லை. தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் 'பெம்பிளை ஒருமை'. ஒன்பதாம் நாள் இருபது விழுக்காடு கிடைத்தது. பின்னால் நடந்த பேச்சில் கூலி 301 ஆனது.

இனி அந்த ஒப்பந்தத்தை ஒரு இலக்கியப் பிரதிபோல வாசித்துப் பாருங்கள். இருபது விழுக்காட்டில் 8.33 மட்டுமே போனஸ். மிச்சம் 11.67க்கு வேறு பெயர்: கருணைத் தொகை! 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டப்படி 8.33தான் குறைந்த அளவு. அதாவது உரிமை அடிமட்டத்திலேயே நின்றுவிட்டது. பெண்கள் போராடி வாங்கிய பெரும்பங்கு, கொடுத்தவரின் இரக்கம் என்று ஏட்டில் ஏறியது. கையில் வந்த பணம் ஒன்றுதான், சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அடுத்த வருஷம் கருணை வற்றினால் எதைக் காட்டிக் கேட்பது? மனித உரிமையின் அரசியல் என்பது இந்தச் சொல்லில்தான் இருக்கிறது. பெம்பிளை ஒருமை பிறகு பிளவுபட்டது என்பதும் உண்மை. அதனால் அவர்கள் கேட்ட கேள்வி பழசாகிவிடவில்லை.

ஒரு ராத்திரி, மறு ராத்திரி

2020 ஆகஸ்டு 6 இரவு, ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. வெளியுலகுக்குச் சேதி போக விடிந்துவிட்டது. மறுநாள் இரவு கரிப்பூர் விமான நிலையத்தில் விமானம் விபத்துக்குள்ளானது. கேரள அரசு விமானத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம், பெட்டிமுடிக்கு 5 லட்சம் என அறிவித்தது. இது முதற்கட்ட உதவிதான் என்று அரசு விளக்கம் சொன்னது. குற்றியாறு பள்ளத்தாக்கில் எட்டு வீடுகளும் பின்னர் கட்டிக்கொடுக்கப்பட்டன. என்றாலும் அந்த இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. கருணை என்றால் கொடுக்கிறவர் அளப்பதுதான் அளவு. ஏன் பாதி என்று கேட்க இடமில்லை.

லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீடும் போச்சு. அதனாலேயே படித்த பிள்ளையில் ஒன்று கூடையைத் தூக்க வேண்டிவரும். பீர்மேட்டுத் தோட்டக் குடும்பத்தில் பிறந்த மானுடவியலாளர் ஜெயசீலன் ராஜ், 2022இல் வெளியான 'பிளான்டேஷன் கிரைசிஸ்' என்ற ஆங்கில நூலில் இந்தக் கட்டுமானத்தைத்தான் ஆராய்கிறார். தேயிலை விலை விழுந்து தோட்டங்கள் நொடித்தபோது தமிழ்த் தலித் குடும்பங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதே நூல். கோட்பாட்டு நடை கொஞ்சம் கனம்தான். ஆனால் உள்ளேயிருந்து பார்த்த கண் என்பதால், அழுகையைத் தாண்டிக் காரணத்துக்குப் போகிறது. டேனியலின் கணக்குப் பக்கங்களுக்கு உண்மையான வாரிசு படமல்ல, இந்த ஆய்வுதான்.

1950 என்னும் கோடு

இன்னொரு சங்கதி நம்மையும் தொடும். பட்டியல் சாதி ஆணை 1950 ஆகஸ்டு 10 தேதியிட்டது. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர் பிழைப்புக்காக வேறு மாநிலம் போனால் அங்கே அந்தத் தகுதி தொடராது என்று 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, கேரளத் தோட்டத் தமிழர் சாதிச் சான்றிதழுக்குத் தாத்தா 1950க்கு முன்னே இங்கிருந்தார் என்று காட்ட வேண்டும். நிலமில்லாதவரிடம் பத்திரம் ஏது? தேவிகுளம் தனித் தொகுதி உறுப்பினர் அ. ராஜாவின் தேர்தல் 2023இல் கேரள உயர் நீதிமன்றத்தில் செல்லாமல் போய், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் மீண்டது. அந்த வழக்கிலும் மதத்தோடு சேர்த்துக் குடும்பம் வந்த காலமும் கேள்வியானது. சட்டமன்ற உறுப்பினருக்கே இந்தப் பாடு என்றால் லயத்துப் பிள்ளைக்கு?

சில வருஷம் முன் நம் பொங்கல் விழாவில் ஒருவர் மேடையிலேயே சொன்னார்: "நாங்க எஸ்டேட் தமிழர் இல்லீங்க, படிச்சு வந்தவங்க." கை தட்டினோம். நானும் தட்டினேன். 'பாண்டி' என்று பிறர் நம்மைச் சொன்னால் கொதிக்கிறோம். அதே வேலியை நாமே போட்டுக்கொள்ளும்போது சிரிக்கிறோம்.

மனித உரிமையைப் படிப்பது என்றால் முப்பது உறுப்புகளை மனப்பாடம் செய்வதல்ல. ஒப்பந்தத்தில் எந்தச் சொல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பது. நம் சங்க வாசிப்பு வட்டத்தில் டேனியலின் நாவலை எடுத்துக்கொள்வோம். கடன் ஏறும் பக்கங்களைச் சத்தமாக வாசிப்போம். சங்க உதவித்தொகை விண்ணப்பத்தில் சாதிச் சான்றிதழ் கேட்கும் வரியை, அது கிடைக்காத பிள்ளைகளை நினைத்துத் திருத்துவோம்.

அடுத்த முறை பள்ளிவாசலில் இறங்கினால் அந்த அம்மாவிடம் நாமும் கேட்போம்: "நீங்க எந்த ஊரும்மா?" மூன்று தலைமுறை அந்த மண்ணில் இருந்தவர், "இந்த ஊருதான்" என்பார். அந்தப் பதிலுக்கு ஒரு காகிதம் வாங்கத்தான் இத்தனை பாடு.