ஆட்டம் தொடங்குமுன் சாகலாமா?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் 'டிராவலர்' ஒரு விஷயத்துக்காகவே பேர்போனது. அதில் பாத்திரத்தை உருவாக்கிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பாத்திரம் செத்துப்போகலாம். மார்க் மில்லர் வடிவமைத்து 1977-ல் வெளிவந்த இந்த விண்வெளி விளையாட்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த வேடிக்கையோடு நின்றுவிடுகிறது. அதைத் தாண்டி, பாத்திர உருவாக்கத்துக்கு அது ஏற்ற முறைதானா என்று மற்ற முறைகளோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

அளவுகோல் இரண்டு. ஆட்டத்தை நடத்துபவர் முதன்முதலாக "இப்போது என்ன செய்கிறாய்?" என்று கேட்கும்போது, பதில் சொல்ல ஒரு காரணம் பாத்திரத் தாளில் இருக்கிறதா? பகடையின் ஓரவஞ்சனையால் ஒருவர் ஆட்டம் முழுக்க ஓரங்கட்டப்படாமல் இருக்கிறாரா?

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-ல் கொண்டுவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' முழுக்கப் பகடையை நம்பியது. மூன்று பகடைகளை உருட்டிக் கூட்டி, ஆறு திறன்களுக்கும் வரிசையாக எண் எழுத வேண்டும். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும், எதிர்பாராத ஆள் கிடைப்பார். ஆனால் 18 விழும் வாய்ப்பு 216-ல் ஒன்றுதான். ஒருவருக்கு அது விழுந்து பக்கத்தில் இருப்பவருக்கு 6 விழுந்தால், அந்த வித்தியாசம் கடைசிவரை கூடவே வரும். 1979-ல் வந்த, ஆட்டத்தை நடத்துபவருக்கான நூல், நான்கு பகடை உருட்டிச் சிறியதைக் கழிக்கும் முறையைத் தந்தது. சராசரி 10.5-லிருந்து ஏறக்குறைய 12.2 ஆனது, ஏற்றத்தாழ்வு மட்டும் போகவில்லை. தவிர, இந்த எண்கள் ஆள் எவ்வளவு பலசாலி என்று சொல்லுமே ஒழிய, நேற்றுவரை எங்கே இருந்தான் என்று சொல்லாது.

புள்ளி முறை இதற்கு நேர் எதிர். அதே விளையாட்டின் 2014 பதிப்பில் ஒவ்வொருவருக்கும் 27 புள்ளிகள் உண்டு. 8-ல் தொடங்கும் திறனை 14 ஆக்க 7 புள்ளி, 15 ஆக்க 9. நியாயத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் கணக்குத் தெரிந்தவர் மூன்று திறன்களை 15-க்கு ஏற்றி, மற்ற மூன்றையும் 8-லேயே விட்டுவிடுவார். 27 புள்ளியும் சரியாகத் தீர்ந்துவிடும். தான் ஏற்கெனவே நினைத்து வைத்திருந்ததைத் தவிர வேறு எதுவும் அவருக்குக் கிடைப்பதில்லை. 1981-ல் வந்த 'சாம்பியன்ஸ்', பலவீனத்தை ஏற்றுக்கொண்டால் கூடுதல் புள்ளி என்றது. யோசனை நல்லதுதான், ஆனால் ஆடுபவர் வலிக்காத பலவீனமாகப் பார்த்து வாங்குவார். அதை வலிக்கவைக்கும் பொறுப்பு ஆட்டத்தை நடத்துபவர் தலையில் விழுகிறது.

'டிராவலர்' பாத்திரத்துக்கு ஒரு கடந்தகாலத்தைக் கொடுக்கிறது. ஆள் 18 வயதில் தொடங்குவான். விரும்பிய பணியில் சேரப் பகடை உருட்டலாம். தவறினால், ஏதோ ஒரு பணியில் கட்டாயமாகச் சேர்த்துவிடுவார்கள். பணித் தவணை ஒவ்வொன்றும் நான்கு ஆண்டு. அதில் திறமை சேரும், பதவி உயரலாம். 34 வயதிலிருந்து உடல் தளரத் தொடங்கும். பணியை விட்டு விலகும்போது பணமோ பொருளோ கையில் வரும். வணிகத் துறையில் மேல்நிலைக்கு வந்தவருக்குக் கப்பலே கிடைக்கலாம், கூடவே 40 ஆண்டுத் தவணைக் கடனும். கடன் கட்டச் சரக்கு ஏற்றியே ஆகவேண்டும் என்பதால், "இப்போது என்ன செய்கிறாய்?" என்ற கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கிறது.

ஒவ்வொரு தவணையிலும் உயிர்பிழைக்கப் பகடை உருட்ட வேண்டும், தவறினால் சாவு என்ற விதியும் அர்த்தமில்லாமல் வைத்ததல்ல. எவ்வளவு காலம் பணியில் இருக்கிறோமோ அவ்வளவு திறமை சேரும். பேராசைக்கு ஒரு கடிவாளம் வேண்டும். புதிய வான்பகுதிகளைத் தேடிப்போகும் ஸ்கவுட் பிரிவில் தவணைக்கு இரண்டு திறமை உண்டு. ஆனால் உயிர்பிழைக்க இரண்டு பகடையில் 7 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அதாவது 58 சதவீத வாய்ப்பு. உடல்தாங்குதிறன் 9 இருந்தால் எண்ணிக்கையில் 2 கூடி, வாய்ப்பு 83 சதவீதமாகும். அது இல்லாதவர்களில் இரண்டு தவணை தாண்டுபவர் மூன்றில் ஒருவர்தான்.

இருந்தும் விதி தோற்கிறது, ஏனென்றால் செத்தவனுக்கு நஷ்டமில்லை. ரம்மி சீட்டாட்டத்தில் ஆடாமல் ஒதுங்கி 'ஸ்கூட்' விட்டால்கூடத் தண்டப் புள்ளி ஏறும். இங்கே புதுத் தாள் எடுத்து மறுபடி உருட்டினால் போதும். மட்டமான எண்கள் விழுந்தவர் வேண்டுமென்றே ஸ்கவுட்டில் சேர்ந்து அந்த ஆளைத் தொலைத்துவிடலாம். கடிவாளம் என்று வைத்தது கழித்துக்கட்டும் வழியாகிவிட்டது. 1981 பதிப்பு இதற்கு மாற்றாக, காயத்தோடு பாதித் தவணையில் வெளியேறும் விதியை விருப்பத்தேர்வாகத் தந்தது. மங்கூஸ் நிறுவனத்தின் 2008 பதிப்பு விபத்துப் பட்டியலே வைத்தது: வேலை போகும், காயமோ பகையோ மிஞ்சும். கருணை போலத் தெரிந்தாலும் இதுதான் கடுமையான தண்டனை, அதோடுதான் இனி ஆட வேண்டும்.

இரண்டாவது அளவுகோலில் 'டிராவலர்' சறுக்குகிறது. ஒருவர் ஆறு தவணை கண்ட கேப்டன், இன்னொருவர் ஒரே தவணையில் வெளியேறிய சிப்பாய் என்று அமையலாம். இரண்டு பேர் தங்கள் கடந்தகாலத்தை ஒரு சம்பவத்தில் இணைத்தால் இருவருக்கும் ஒரு திறமை கூடுதல் என்ற 2008 விதி, இந்த இடைவெளியைக் குறைக்கிறதே தவிர மூடவில்லை.

உண்மையான போட்டி வின்சென்ட் பேக்கரின் 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' (2010). ஆயத்தமான வகைகளில் ஒன்றை எடுத்து, சக பாத்திரங்களோடு உள்ள உறவைக் கேள்வி பதிலாக நிரப்பினால் போதும். சீக்கிரம் முடியும், யாருக்கும் அநியாயமில்லை, முதல் காட்சிக்குக் காரணமும் கிடைக்கும். ஆனால் வகைகள் ஆசிரியர் வரைந்தவை. அவற்றின் எல்லைக்குள்தான் ஆள் பிறப்பான்.

ஆக, ஒரே மாலையில் ஆடி முடிப்பதென்றால் பேக்கரின் முறையே மேல். மாதக்கணக்கில் நீளும் ஆட்டத்துக்கு என் தேர்வு 2008 வடிவிலான 'டிராவலர்'. ஏற்றத்தாழ்வு அதன் குறைதான். ஆனால் கடனும் காயமும் பகையும் உள்ள, வடிவமைத்தவரும் ஆடுபவரும் முன்கூட்டி நினைத்திராத ஒரு ஆளை அது தருகிறது. புள்ளி முறை எவ்வளவு நியாயமாக இருந்தாலும் அப்படி ஒரு ஆளைத் தராது.