மறைந்த மாணவனை எழுதுவது எப்படி? ஜான் குந்தரின் நினைவு நூலை முன்வைத்து



'என்னால் மறக்க முடியாத நண்பன்' என்று படிவம் நான்கு வகுப்பில் ஒரு தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். நாலைந்து கட்டுரையிலாவது நண்பன் இறந்து போவான். பெரும்பாலும் இரத்தப் புற்றுநோய்தான். இரண்டாம் பத்தியில் மயங்கி விழுவான். மூன்றாம் பத்தியில் மருத்துவர் உதட்டைப் பிதுக்குவார். நான்காம் பத்தியில் 'காலன் அவனைக் கவர்ந்து சென்றான்'. சரி, வாசித்து முடித்த பிறகு அந்த நண்பனைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? பெயர் தெரியும், நோய் தெரியும். அவ்வளவுதான்.

இந்தப் பழக்கத்தில் சினிமாவுக்கும் பங்கு உண்டு. 1982இல் மட்டும் 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' என்று இரண்டு படங்களில் நாயகனுக்கு இரத்தப் புற்றுநோய். கதையை முடித்து வைக்க அங்கே நோய் ஒரு கருவி. படத்துக்கு அது போதும். ஆனால் நம் நெகிரி செம்பிலான் தோட்டப் பக்கத்தில் ஒரு பிள்ளை உண்மையாகவே போய்விட்டால், பள்ளி ஆண்டு மலரிலும் புலனத்திலும் முதலாண்டு நினைவாஞ்சலியிலும் வருவது அதே வாக்கியங்கள்தான். 'மலரும் முன்னே கருகிய மொட்டே' என்று எந்தப் பிள்ளைக்கும் எழுதலாம். அதைப் படிக்கும் தாய் தேடுவதோ தன் பிள்ளையை. இந்தக் கட்டுரையின் கவலை இதுதான்.

நூலும் சிறுவனும்

இதற்கு உதவக்கூடிய ஒரு நூல், அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் குந்தர் 1949இல் வெளியிட்ட 'டெத் பி நாட் பிரௌட்'. 'இன்சைட் ஏசியா' போன்ற நூல்களால் உலகம் அறிந்த எழுத்தாளர் அவர். இந்த நூல் மட்டும் அவருடைய மகன் ஜானியைப் பற்றியது. 1946 ஏப்ரலில் ஜானிக்கு மூளையில் கட்டி இருப்பது தெரிகிறது. அப்போது வயது 16. பதினைந்து மாதப் போராட்டத்துக்குப் பிறகு, 1947 ஜூன் 30ஆம் நாள், 17 வயதில் இறக்கிறான்.

இதில் இரகசியம் எதுவும் இல்லை. மகன் இறந்துவிட்டான் என்று தெரிந்துதான் நூலைத் திறக்கிறோம். கடைசியில் அதிர்ச்சி கொடுக்கும் வேலையை ஆசிரியர் எடுத்துக்கொள்ளவில்லை. 'இவன் எப்படிப்பட்ட பையன்?' என்ற ஒரே கேள்விதான் நம்மை இழுத்துக்கொண்டு போகிறது.

பதிலும் கிடைக்கிறது. வேதியியல் பைத்தியம், சதுரங்கம் ஆடுவான். அமோனியாவைத் திரவமாக்கும் சோதனை ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு அதையே சுற்றி வருவான். மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டே விட்டுப்போன பாடங்களைப் படித்து முடிக்கிறான். 1947 ஜூன் தொடக்கத்தில், தலையில் கட்டோடு, டீர்ஃபீல்டு பள்ளியின் பட்டமளிப்பில் மற்ற மாணவர்களோடு வரிசையில் நடந்து சான்றிதழை வாங்குகிறான். அந்த மாதமே இறந்தும் போகிறான்.

அந்தப் பட்டமளிப்புக் காட்சி நம்மைக் கலங்க வைப்பது ஏன்? தேர்வை முடிக்க வேண்டும் என்று அவன் எவ்வளவு பிடிவாதமாக இருந்தான் என்பதை அதற்கு முன் பக்கம் பக்கமாகப் பார்த்திருக்கிறோம். அழுகைக்கான காரணம் முன்னாடியே வந்துவிடுகிறது. நம் மாணவர் கட்டுரைகளில் கண்ணீர் மட்டும் வந்து நிற்கும்; காரணம் வந்திருக்காது.

இன்னொரு சிறப்பு நூலின் அமைப்பு. முதல் பகுதி தந்தை சொல்லும் வரலாறு. அடுத்த பகுதியில் ஜானியே எழுதிய கடிதங்களும் நாட்குறிப்பும். முடிவில் தாய் ஃபிரான்சிஸ் எழுதிய சில பக்கங்கள். பெற்றோர் 1944இலேயே மணவிலக்குப் பெற்றவர்கள். ஆனாலும் இருவருடைய சொல்லும் ஒரே நூலில் இருக்கிறது, நடுவில் பிள்ளையின் சொந்தக் குரலோடு. இறந்தவனையும் பேசவிட்டது இந்த நூலின் பெரிய தருமம் என்பேன்.

உறுத்துவது எது?

குறை இல்லாமல் இல்லை. மருத்துவ விவரங்கள் சில இடங்களில் மகனையே மறைக்கின்றன. அறுவை, எக்ஸ்ரே, அப்போது புதிதாக வந்த நைட்ரஜன் மஸ்டர்ட் மருந்து என்று அடுக்கிக்கொண்டே போகிறார். மேக்ஸ் கெர்சனின் உணவுமுறையைப் பற்றியும் நம்பிக்கையோடு எழுதுகிறார். அந்த உணவுமுறை புற்றுநோயைக் குணமாக்கும் என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை. புலனத்தில் வரும் வைத்தியக் குறிப்புகளை நம்பும் வீடுகளிலிருந்து மாணவர்கள் வருவதால், இந்தப் பகுதியை வாசிக்கும்போது ஆசிரியர் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டாவது, இது வசதியுள்ள வீட்டின் கதை. பெரிய பெரிய மருத்துவர்களைத் தேடிப் போக முடிந்த தந்தை அவர். பஹாவ், ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பிள்ளையைச் சிரம்பானுக்கும், பிறகு கோலாலம்பூருக்கும் கூட்டிக்கொண்டு போகும் குடும்பத்துக்கு அன்றைய சம்பளம் போகும். மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற கேள்வி வரும். 'அந்த நோய்' என்று பெயர் சொல்லாமலே பேசும் வீடுகளும் உண்டு. இவையெல்லாம் குந்தரிடம் கிடைக்காது. நம் ஆள்தான் எழுத வேண்டும்.

சடாக்கோவுக்கு நேர்ந்தது

மாறான ஓர் எடுத்துக்காட்டையும் பாருங்கள். ஹிரோஷிமா சிறுமி சடாக்கோ சசாகியை நம் மாணவர்கள் பலருக்குத் தெரியும். அணுகுண்டு விழுந்தபோது அவளுக்கு வயது இரண்டு. இரத்தப் புற்றுநோயால் 1955 அக்டோபர் 25ஆம் நாள், 12 வயதில் இறந்தாள். எலினோர் கோயர் 1977இல் எழுதிய கதையில், ஆயிரம் காகிதக் கொக்குகள் மடிக்க நினைத்தவள் 644இலேயே இறந்துவிடுகிறாள். மிச்சத்தைத் தோழர்கள் மடிக்கிறார்கள். ஆனால் ஆயிரத்தையும் தாண்டி மடித்தாள் என்பது அவள் அண்ணன் மசாஹிரோ சொல்வது. ஹிரோஷிமா அருங்காட்சியகமும் அதையே சொல்கிறது.

இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. 644 நம்மை உருக வைக்கும் எண். ஆனால் அந்தப் பெண் ஆயிரத்தை முடித்தாள். முடித்தும் நோய் விடவில்லை. அப்படியும் மடித்துக்கொண்டே இருந்தாள். உண்மை இன்னும் வலியது, அவளுடைய உறுதியையும் அதுதான் காட்டுகிறது. நம் கண்ணீருக்காக அவள் செய்து முடித்த வேலையைக் குறைத்துவிட்டது கதை. அவளை நினைத்து அவளுடைய வகுப்புத் தோழர்கள் தொடங்கிய முயற்சியால் 1958இல் ஹிரோஷிமா அமைதிப் பூங்காவில் சிலை எழுந்தது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். நினைவுகூர்வது பெரியவர்கள் வேலை மட்டும் இல்லை.

நம் மரபில்

இதற்கெல்லாம் வெளிநாட்டு நூல்தான் வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. கையறுநிலை என்று ஒரு துறையே வைத்திருக்கிறோம். புறநானூறு 242ஆம் பாடலில், ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்ததற்குக் குடவாயில் கீரத்தனார் பாடுகிறார். சில அடிகளே உள்ள பாட்டு. புலவர் பேசுவது ஒரு முல்லைக் கொடியோடு. ஊரில் யாரும் பூச்சூடும் நிலையில் இல்லாதபோது பூத்து நிற்கும் கொடி அது. துக்கம் என்ற சொல்லைத் தேட வேண்டியதே இல்லை. அந்தப் பூ போதும். அந்த ஊரில், அந்த வேளையில், அந்தக் கொடி! குந்தருக்கு ஒரு வேதியியல் சோதனை எப்படியோ, கீரத்தனாருக்கு முல்லை அப்படி.

வகுப்பில் செய்து பார்க்க

மாணவர்களே, உயிரோடு இருக்கும் ஒருவரை முதலில் எழுதிப் பழகுங்கள். பக்கத்து மேசை நண்பனைப் பற்றிப் பத்து வாக்கியம். 'நல்லவன்', 'அன்பானவன்', 'அனைவரிடமும் இனிமையாகப் பழகுவான்' மூன்றும் கூடாது. அவன் எதை மடியில் வைத்து ஒளித்துச் சாப்பிடுவான், எந்தக் கணக்கில் மாட்டிக்கொள்வான், எந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்வான் என்று பாருங்கள். எழுதியதை வாசிக்கும்போது, பெயரைச் சொல்லாமலே வகுப்பு அவனைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் தேறிவிட்டீர்கள்.

பிறகு கற்பனைக் கட்டுரைக்கு வாருங்கள். நோய் ஒரு பத்திக்கு மேல் வேண்டாம். மரணத்துக்கு ஒரு வாக்கியம் தாராளம். மீதி இடமெல்லாம் அந்த ஆளுக்கு.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியில் உண்மையாகவே ஒரு மாணவரை இழந்திருந்தால், அவரைத் தேர்வுப் பயிற்சித் தலைப்பாக்க வேண்டாம். அதற்கு மாறாக, அவருடைய கட்டுரைப் புத்தகம் இன்னும் அலமாரியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சிவப்பு மையோடு அப்படியே வீட்டில் கொண்டு போய்க் கொடுங்கள். ஆண்டு மலரில் இடம் இருந்தால், பெற்றோரின் அனுமதியோடு, அந்தப் பிள்ளை எழுதிய ஒரு பத்தியைப் போடுங்கள். பிழை இருந்தாலும் திருத்த வேண்டாம்.