எசமானும் அடிமையும்: கணினிக் கலைச்சொற்கள் பற்றிய ஒரு நோக்கு

விஞ்ஞானத்தின் கலைச்சொற்கள் வர்க்கச் சார்போ இனச் சார்போ அற்றவை என்னும் எண்ணம் பொறியியலாளரிடத்து மட்டுமன்றி இலக்கிய மாணவரிடத்தும் காணப்படுகின்றது. சங்கச் செய்யுளொன்றின் உள்ளுறையைப் பல பக்கங்களில் விரித்துரைக்கும் நாம், இயந்திரத்தின் மீது பொறிக்கப்பட்ட உருவகத்தைப் படியாமலே கடந்து செல்கின்றோம். கணினித் துறையில் நெடுங்காலம் வழங்கிவந்து, 2020 ஆம் ஆண்டின் பின்னர் பரவலாகக் கைவிடப்பட்டுவரும் ‘மாஸ்ரர்’, ‘சிலேவ்’ என்னும் சொல்லிணை அத்தகையதோர் உருவகமாகும். எசமான், அடிமை என்பனவே அவற்றின் நேர்ப்பொருள். இவற்றை மாற்றியமை வெறும் சொல் விளையாட்டு என்பாரும் உளர். இனவாதத்துக்கு விழுந்த பேரடி என்பாரும் உளர். இரு சாராரும் அவ்வுருவகத்தின் வரலாற்றை நோக்கத் தவறுகின்றனர் என்பது எமது கருத்து.

சொற்கள் குறிக்கும் பொருளை முதலில் தெளிவுபடுத்துதல் நன்று. தரவுத்தளமொன்று பல கணினிகளிற் பரந்திருக்கும்போது, அவற்றுள் ஒன்று புதிய பதிவுகளை ஏற்கும். ஏனையவை அதனைப் படியெடுத்து வைத்துக்கொள்ளும். முன்னையது மாஸ்ரர், பின்னையவை சிலேவ். ஒரே வடத்தில் இணைக்கப்பட்ட இரு வன்தட்டுகளும் இவ்வாறே பெயர் பெற்றிருந்தன. இவற்றோடு ‘பிளாக்லிஸ்ற்’, ‘வைற்லிஸ்ற்’ என்பனவும் சேர்த்து எண்ணப்படுகின்றன. உள்ளே விடத்தகாதன கறுப்புப் பட்டியலிலும், விடத்தக்கன வெள்ளைப் பட்டியலிலும் இடம்பெறும்.

மாஸ்ரர், சிலேவ் என்னும் இணை பொறியியலில் எப்போது புகுந்தது என்பதை றொன் எக்லாஷ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 2007 இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் ஆராய்ந்துள்ளார். அவர் கண்ட மிகப் பழைய வழக்கு 1904 ஆம் ஆண்டுக்குரியது. கேப் ரவுணிலிருந்த வானாய்வு நிலையத்தின் தலைவர் டேவிட் கில், தமது கடிகார அமைப்பொன்றை விவரிக்கையில் இதனைக் கையாண்டார். இடமும் காலமும் மனங்கொள்ளத்தக்கவை. கேப் குடியேற்ற நாட்டில் அடிமைமுறை 1834 இல் சட்டப்படி நீக்கப்பட்டு, ‘பயிற்சித் தொழிலாளர்’ என்ற பெயரில் 1838 வரை நீடிக்கப்பட்டது. ஆகவே, உண்மையான அடிமைகள் விடுவிக்கப்பட்டு இரு தலைமுறைகள் கழிந்த பின்னர், இயந்திரத்தினுள் அடிமை மீளப் பிறக்கின்றான். அடிமையின் முகம் கண்முன் நிற்கும்வரை அச்சொல்லை இரும்பின் மீது ஒட்டுவது எளிதன்று. அந்த முகம் மறைந்து, கட்டளையும் கீழ்ப்படிவும் மட்டும் நினைவில் எஞ்சும்போதே அது ‘தொழில்நுட்பச் சொல்’ ஆகின்றது. மறந்தவர் எவர், மறக்க இயலாதவர் எவர் என்ற வினா அப்போது எழுவதில்லை.

கடிகாரத்தின் கதை இத்துடன் முடியவில்லை. 1921 இல் வில்லியம் ஷோர்ட் என்னும் பொறியியலாளர் ஆக்கிய கடிகாரம் அக்காலத்து வானாய்வு நிலையங்களில் மிகத் துல்லியமானதாகப் பெயர் பெற்றது. அதில் இரு ஊசல்கள் உண்டு. ‘எசமான்’ ஊசல் காற்று அகற்றப்பட்ட கலத்தினுள் தன்னிச்சையாக ஆடும். முள்ளை நகர்த்துவது, எண்ணுவது ஆகிய எந்த வேலையும் அதற்கில்லை. ‘சுதந்திர ஊசல்’ என்பதே அதன் மறுபெயர். ‘அடிமை’க் கடிகாரமே நொடிகளை எண்ணி, முள்ளைச் செலுத்தி, முப்பது நொடிக்கு ஒருமுறை மின்சமிக்ஞை அனுப்பி எசமானுக்கு வேண்டிய சிறு உந்துதலையும் வழங்குகின்றது. பதிலுக்கு எசமான் தருவது திருத்தம் ஒன்றே: நீ பிந்திவிட்டாய் என்பது. உழையாதது சுதந்திரமுடையது, உழைப்பது திருத்தப்படுவது, எனினும் உழைப்பதன் உந்துதல் இன்றேல் சுதந்திரமானது சிறிது நேரத்தில் நின்றுவிடும். எசமான் அடிமையிற் தங்கியிருத்தலை ஹெகல் 1807 இல் தத்துவமாக விளக்கினார். ஷோர்ட்டின் கடிகாரத்தில் அது பித்தளையாலும் உருக்காலும் விளக்கப்பட்டுள்ளது. அக்கடிகாரத்துக்குப் பெயரிட்டோர் ஹெகலைப் படித்திருக்கவேண்டிய அவசியமில்லை. தமது சமூகத்தைப் படித்திருந்தனர்; அது போதுமானது.

இவ்வுருவகத்தின் ஆணிவேர் இன்னும் ஆழமானது. அரிஸ்ரோட்டில் அடிமையை உயிருள்ள கருவி என்றார். நெசவுநாடா தானே நெய்யுமாயின் எசமானருக்கு அடிமைகள் வேண்டியதில்லை என்பதும் அவர் கூற்றே. மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற் பாகத்தில் இதனை எடுத்துக்காட்டி, தானே நெய்யும் நாடா வந்த பின்னர் உழைப்பாளியின் வேலைநாள் குறையாது நீண்டதெவ்வாறு என வினவுகின்றார். மனிதன் கருவி எனப்பட்ட காலத்தின் பின், கருவி மனிதப் பெயர் பெறும் காலம் வருகின்றது. கரெல் சாப்பெக்கின் 1920 ஆம் ஆண்டு நாடகத்திலிருந்து உலகெங்கும் பரவிய ‘றோபோ’ என்ற சொல்லும், பண்ணையடிமைகள் செய்த கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லின் வழிவந்ததே. அதனை மாற்றவேண்டும் என்று எவரும் பெரிதாகக் குரலெழுப்பவில்லை. சாப்பெக்கின் நாடகத்தில் றோபோக்கள் கிளர்ந்தெழுகின்றன என்பது ஒரு காரணமாகலாம்.

கணினித் துறையில் இவ்வுருவகத்தின் முற்பட்ட வழக்கை எக்லாஷ் 1964 இல் டாட்மத் கல்லூரியில் அமைக்கப்பட்ட நேரப்பகிர்வு முறைமையிற் காண்கின்றார். அவ்வாண்டிலேயே ஐக்கிய அமெரிக்காவில் குடியியல் உரிமைச் சட்டம் நிறைவேறியது. இரண்டிற்கும் தொடர்பில்லை என்பர். தொடர்பில்லாதிருந்தமையே நாம் கவனிக்கவேண்டியது.

எதிர்ப்பு நெடுங்காலம் அலுவலக மட்டத்திலேயே நின்றது. 2003 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட நிர்வாகம், ஊழியர் ஒருவரின் முறைப்பாட்டை அடுத்து, உபகரணங்களில் இப்பெயர்களைத் தவிர்க்குமாறு விநியோகத்தரைக் கேட்டபோது, அது பெருநகைப்புக்குள்ளாயிற்று. 2014 இல் துறூப்பல், ஜாங்கோ ஆகிய மென்பொருள்களும், 2018 இல் பைத்தன், றெடிஸ் ஆகியனவும் மாற்றத்தை மேற்கொண்டன. 2020 மே 25 இல் மினியாப்பொலிஸ் நகரில் ஜோர்ஜ் புளொயிட் பொலிசாரால் கொல்லப்பட்டதன் பின்னர் எழுந்த மக்கள் இயக்கமே இதனைப் பொதுநியதி ஆக்கியது. அவ்வாண்டு யூலையில் லினக்ஸ் கருவகத்தின் எழுத்துநடை விதிகள் இச்சொற்களைப் புதிதாகப் புகுத்துவதைத் தவிர்க்குமாறு கூறின. ஒக்ரோபர் முதலாந் திகதியிலிருந்து கிற்ஹப் நிறுவனம் புதிய களஞ்சியங்களின் முதற் கிளைக்கு ‘மாஸ்ரர்’ என்பதற்குப் பதிலாக ‘மெயின்’ எனப் பெயரிட்டது. அங்கு ‘சிலேவ்’ என்ற எதிர்ச்சொல் வழங்கியதில்லை என்பதையும் நேர்மையாகக் குறிப்பிடல் வேண்டும்.

இதே கிற்ஹப் நிறுவனம், அமெரிக்காவின் குடிவரவு, சுங்க அமலாக்கப் பிரிவுக்குத் தனது மென்பொருளின் உரிமத்தை 2019 இல் புதுப்பித்தமையை எதிர்த்து அதன் ஊழியர் பலர் கூட்டாக எழுதினர். நிர்வாகம் இணங்கவில்லை. கிளையின் பெயரை மாற்ற இணங்கியது. எது மலிவானதோ அது முதலில் வழங்கப்படும் என்பது முதலாளித்துவத்தின் பழைய வழக்கம். செயற்கை நுண்ணறிவு நிறுவனமொன்றுக்காக, நச்சுத்தன்மை வாய்ந்த எழுத்துக்களை வாசித்து வகைப்படுத்திய நைரோபித் தொழிலாளர் மணித்தியாலத்துக்கு இரண்டு டொலருக்கும் குறைவான கூலியே பெற்றனர் என்பது 2023 இல் வெளிவந்தது. இயந்திரத்தின் ‘அடிமை’ பெயர் மாற்றம் பெற்றுவிட்டது. இயந்திரத்துக்கு உழைப்போருக்கு இன்னும் பெயரே இல்லை.

இதனைக் காட்டி, சொல் மாற்றம் மேற்கட்டுமானத்து ஒப்பனை, அடித்தளம் மாறினாற் போதும் என்று எம் நண்பர் சிலர் வாதிடுவர். இது மார்க்சியமன்று, மார்க்சியத்தின் நிழல். சொல் வர்க்கங்கள் மோதும் களம் என்பதை வொலொஷினொவ் 1929 இலேயே எடுத்துரைத்தார். தன் மூதாதையர் விற்கப்பட்ட பெயரை நாளொன்றுக்கு நூறு தடவை தட்டச்சுச் செய்யவேண்டிய கறுப்பினப் பொறியியலாளரை நோக்கி, புரட்சி வரும்வரை பொறுத்திரும் என்று கூறும் உரிமை எமக்கில்லை. மேலும், புதிய சொற்கள் தொழிலுக்கும் பொருத்தமானவை. தரவுத்தளத்தில் நிகழ்வது ஏவலன்று, படியெடுத்தலே. ‘அடிமை’ என்ற சொல் அச்செயலைப் பற்றி எதுவும் கூறவில்லை.

ஆயினும் ‘பிளாக்லிஸ்ற்’ விடயத்தில் எமக்குச் சிறு தயக்கம் உண்டு. ஆங்கிலத்தில் பதினேழாம் நூற்றாண்டு தொட்டு வழங்கும் இச்சொல்லுக்குத் தொழிற்சங்க வரலாற்றில் தனியிடம் உண்டு. வேலைநிறுத்தத்தில் முன்னின்றவனை எந்த ஆலையிலும் சேர்க்காதிருக்க முதலாளிமார் தம்முட் பரிமாறிய பட்டியல் அது. பிரித்தானியாவில் 2009 இல் கைப்பற்றப்பட்ட கட்டடத் தொழிலாளர் பட்டியலில் 3,213 பெயர்கள் இருந்தன. மென்பொருளில் அச்சொல்லை ‘மறுப்புப் பட்டியல்’ என மாற்றுவதை நாம் ஏற்கின்றோம். கருமையைத் தீமையாக்கும் வழக்கு ஒன்று குறையட்டும். ஆனால் தொழிலாளரின் வரலாற்றை எழுதுவோர் அச்சொல்லைக் கைவிடலாகாது. அங்கு அது முதலாளியின் குற்றத்துக்குச் சாட்சி. தமிழிலோ ‘கறுப்புப் பட்டியல்’ ஆங்கிலத்தின் நேர்பெயர்ப்பு. எமது மொழியில் கருமை மழைமுகிலின் நிறம். தொல்காப்பிய உரியியல் கறுப்போடு சிவப்பையும் சேர்த்தே வெகுளிக்குரியதாக்கியது. பிறர் கொண்ட வெறுப்பைக் கடன் வாங்கி மொழிபெயர்க்க வேண்டிய தேவை எமக்கில்லை.

‘அடிமை’ பற்றி அவ்வாறு கைகழுவிவிட முடியாது. 1833 ஆம் ஆண்டுப் பிரித்தானிய அடிமை ஒழிப்புச் சட்டம் இலங்கையை விலக்கி வைத்தது. இங்கு 1844 இலேயே அம்முறை முற்றாக நீக்கப்பட்டது. 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில் அடிமைகளுக்கெனத் தனிப்பிரிவே உண்டு. இலக்கியத்திலோ பக்தி மரபு ஆண்டான், அடிமை என்னும் உறவை இறைவனுக்கும் உயிருக்கும் உரியதாக்கி, நிலவுடைமைச் சமூகத்தின் கட்டைப் பேரின்பமாகப் பாடிற்று. அமெரிக்காவில் நாணத்தோடு கைவிடப்படும் சொல், எம்மிடையே இன்னும் தெய்வீகம் பூசிக்கொண்டு நிற்கின்றது. ‘ஆண்டான்–அடிமை’ என்று கணினி நூலில் தமிழாக்குபவர் எவ்விதக் கூச்சமும் இன்றி அதனைச் செய்யக்கூடும் என்பதே எமது அச்சம்.

வேறு வழி எம் ஏட்டு மரபிலேயே உண்டு. மூலம், படி என்பன சுவடி பெயர்த்தெழுதியோர் வழங்கிய சொற்கள். ஏட்டைப் பார்த்து ஏடு எழுதினோர், தரவுத்தளம் இன்று செய்வதையே கையால் செய்தனர். முதன்மைக் கணினி செயலிழந்தால் படிகளுள் ஒன்று அதனிடத்துக்கு உயர்த்தப்படும் என்பது இன்றைய தொழில்நுட்ப விதி. சி. வை. தாமோதரம்பிள்ளை செல்லரித்த ஏடுகளைத் தேடி அலைந்தபோது கண்டதும் இதுவே: மூலம் அழிந்தவிடத்துப் படியே மூலமாக நின்றது.