தாசன் என்றொரு பின்னொட்டு

என் பெயர் 'தாசன்' என்று முடியும். முன்பாதி என்னங்கிறது இந்தக் குறிப்புக்குத் தேவையில்லை. அப்பா மில் தொழிலாளி. கோயில் வாசல் மிதிக்காதவர், பாரதிதாசன் பக்தர். (பக்தர்னு சொன்னா கோபம் வந்துடும் அவருக்கு.) ஆபீசில் நான் வெறும் 'தாஸ்'. வங்காளியா ஒடியாவா என்று கேட்டுவிட்டுத்தான் வடக்கத்தி நண்பர்கள் பேச்சையே ஆரம்பிப்பார்கள். விமானத்தில் ஏறினால் அப்பா பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுவார்கள், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அதுதான் உட்கார்ந்திருக்கிறது. ரெண்டு வருஷம் முன்னாடி, அரசிதழில் பெயர் மாற்றிக்கொள்ளலாம் என்று படிவத்தைப் பிரிண்ட் எடுத்தேன். அது இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கு.

போன மாசம் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு டீக்கடையில் நண்பர் ஒருத்தர் இதே விஷயத்தைக் கிளப்பினார். "அண்ணா, சுயமரியாதை பேசினவரு பேர்லயே அடிமைன்னு எப்படி வெச்சிக்கிட்டாரு? அதுவும் ஒரு ஐயருக்கு?" புதுக் கேள்வி இல்லை. பாரதிதாசன் உயிரோடு இருந்தபோதே கேட்கப்பட்டதுதான். வழக்கமாக ரெண்டு பதில் சொல்வார்கள்: அது குருபக்தி; அல்லது, கொள்கை மாறும்போது பெயர் ஏற்கெனவே பிரபலம், மாற்ற முடியவில்லை. எனக்கு ரெண்டுமே போதவில்லை. ரெண்டும் ஆளை விளக்குகின்றன, பெயரைப் படிப்பதில்லை. ஒரு கவிஞன் தனக்கே வைத்துக்கொண்ட பெயர் அவன் எழுதியதிலேயே சின்ன எழுத்து. கவிதையைப் படிக்கிற மாதிரி அதையும் படித்துப் பார்க்கலாமே.

1891-ல் புதுச்சேரியில் பிறந்தவருக்கு வைத்த பெயர் சுப்புரத்தினம். அப்பா கனகசபை முதலியார். 'கனகசுப்புரத்தினம்' என்பதில் உள்ள கனக, நம்ம ஊர் இனிஷியல் விரிந்து நிற்பதுதான். முன்னால் அப்பா, பின்னால் மகன். இப்போது 'பாரதிதாசன்' என்பதை அதன்மேல் வைத்துப் பாருங்கள். அப்பா இருந்த இடத்தில் பாரதி வந்துவிட்டார். பின்னால் ஒட்டும் சாதிப் பட்டத்துக்கு இடமில்லை. 'சுப்புரத்தினம்' முழுசாகக் காணோம், அந்த இடத்தில் இருப்பது ஓர் உறவுச்சொல் மட்டும். அடிமை என்று தன்னைச் சொல்லிக்கொள்வதைவிட, தன் தகப்பனைத் தானே தேர்ந்தெடுத்தது பெரிய காரியம் இல்லையா?

அவருக்கு இருந்தது இந்த ஒரு புனைபெயர் மட்டும் இல்லை. 1909 முதல் 1946 வரை பிரெஞ்சு அரசுப் பள்ளியில் தமிழாசிரியர். அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு அரசியல் எழுத மறைப்பு வேணும். புதுவை கே.எஸ்.ஆர்., கிறுக்கன், கிண்டல்காரன் என்றெல்லாம் எழுதியிருக்கிறார். அவை முகமூடிகள், வேலை முடிந்ததும் கழற்றிவிடலாம். கழற்றாமல் வைத்துக்கொண்டது ஒன்றைத்தான்.

இதே ஊரில், அவர் பிறப்பதற்குப் பத்து வருஷம் முன்னாடி, பெயர் மாற்றுவது ஒரு சட்ட நிகழ்வாகவே இருந்தது. 1873-ல் பூட்ஸ் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனதற்காக வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளையை நீதிபதி தடுத்தார். அவர் பாரிசின் உச்ச நீதிமன்றம்வரை போய் ஜெயித்தார். பிறகு 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி வந்த ஆணை, இந்துவோ முஸ்லிமோ தன் சாதி, சமயத் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர வழி செய்தது. அப்படித் துறப்பவர் தனக்கும் தன் சந்ததிக்குமாக ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொன்னுத்தம்பி எடுத்துக்கொண்டது லபோர்த், அதாவது கதவு. சமத்துவத்துக்கான கதவு என்று எடுத்துக்கொள்ளலாம். இன்றும் ஊரில் லபோர்த் வீதி இருக்கு. இந்தப் பெயர் சட்டப்படி பிள்ளைகளுக்கு, பேரப்பிள்ளைகளுக்கு என்று இறங்கும். 'பாரதிதாசன்' அப்படி இறங்காது. அவர் மகன் கோபதி, எழுத்தில் மன்னர்மன்னன். தாசனின் மகன் மன்னர்களுக்கே மன்னன் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சிரிப்பு உண்டு.

ரத்தவழியில் இறங்காத பெயர் வேறு வழியில் இறங்கியது. அந்தச் சங்கிலி பாரதிதாசனிடம் தொடங்கவும் இல்லை. பாரதியே 'ஷெல்லிதாசன்' என்று எழுதியவர். ஷெல்லி யார்? 1811-ல் நாத்திகத்தின் தேவையைப் பற்றித் துண்டுநூல் போட்டதற்காக ஆக்ஸ்போர்டிலிருந்து வெளியேற்றப்பட்டவன். ஆக, டீக்கடை நண்பர் அடிமைச் சங்கிலி என்று நினைக்கும் இந்த வரிசையின் தலைமாட்டில் ஒரு நாத்திகன் உட்கார்ந்திருக்கிறான். இதை வைத்துக்கொண்டு ஒரேயடியாக வாதத்தை ஜெயித்துவிட முடியாதுதான். அதே பாரதி காளிதாசன், சக்திதாசன் என்ற பெயர்களிலும் எழுதியிருக்கிறார், அங்கே தாசன் பக்தன்தான். ஒரே பேனாவில் ஒரே சொல்லுக்கு ரெண்டு உபயோகம். சுப்புரத்தினம் எடுத்துக்கொண்டது ஷெல்லி பக்கத்து தாசனை என்பது என் வாசிப்பு.

சங்கிலியின் அடுத்த கண்ணி இன்னும் சுவாரசியம். இராசகோபாலன் என்பவர் பாரதிதாசனிடம் வந்து சேர்ந்தார். 'பாரதிதாசதாசன்' என்றா வைத்துக்கொண்டார்? இல்லை, 'சுப்புரத்தினதாசன்'. குரு கழற்றிப்போட்ட பெயரைச் சீடர் எடுத்து முன்னால் வைத்தார். பிறகு அதையும் சுருக்கி 'சுரதா' ஆனார். அடிமை என்ற சொல் 'தா' என்ற ஓரெழுத்தாகக் குறுகிவிட்டது, தமிழில் அதற்குக் 'கொடு' என்று பொருள். அவர் இதை யோசித்துச் செய்தாரோ இல்லையோ, பெயர் அப்படி வேலை செய்கிறது.

இந்த வாசிப்புக்கு எனக்குக் கிடைத்த பெரிய ஆதாரம் பாரதிதாசனின் நாடகம் 'பிசிராந்தையார்'. அவர் இறந்தபிறகு 1969-ல் சாகித்திய அகாதெமி விருது வாங்கிய நூல். வடக்கிருக்கும் கோப்பெருஞ்சோழன், நேரில் பார்த்தே இராத தன் நண்பர் பிசிராந்தையாரைப் பற்றிச் சொல்வது புறநானூற்றின் 216-வது பாட்டு. யாராவது பெயர் கேட்டால் அவர் தன் பெயரைச் சொல்லமாட்டாராம், சோழன் என்றுதான் சொல்வாராம். இங்கே பெயரைக் கொடுப்பவன் அரசன், எடுத்துக்கொள்பவன் பாண்டிநாட்டுக்காரன், அடுத்த நாட்டுக் குடி. அடிமைத்தனம் எங்கே? நட்பு முற்றினால் பெயர் இடம் மாறும் என்ற வழக்கம் தமிழில் அவ்வளவு பழசு. நாடகம் எழுத ஆயிரம் கதை இருக்கும்போது பாரதிதாசன் இந்தக் கதைக்குப் போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

குறை இல்லாமல் இல்லை. தனித்தமிழ் பேசிய ஒருவர் கையெழுத்தில் வடசொல் கடைசிவரை நின்றது. அது உறுத்தியதாலோ என்னவோ பாவேந்தர், புரட்சிக்கவிஞர் என்று நாம் முன்னால் பட்டங்களை அடுக்குகிறோம். 'பாவேந்தர் பாரதிதாசன்' என்று சொல்லும்போது ஒரே மூச்சில் வேந்தரும் தாசனும் வருவதை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. பட்டம் பெயரை மூடிவிடுகிறது. பாரதிதாசனை விரும்புகிறவர்களே அவர் பெயரைக் கண்டு கொஞ்சம் கூசுகிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

என் விஷயத்துக்கு வர்றேன். அவர் தாசனைத் தானாக எடுத்துக்கொண்டார், எனக்கு வைக்கப்பட்டது. வித்தியாசம் அங்கேதான். ரத்தவழியில் இறங்காத பெயரை என் அப்பா பிள்ளைக்கு இறக்கிவிட்டார், ஆணை கீணை எதுவும் இல்லாமலே ஒரு லபோர்த் வேலை. நண்பர் கேட்ட கேள்வியை பாரதிதாசனிடம் கேட்டது தப்பு. என்னிடம் கேட்டிருந்தால் நான் முழித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஷெல்லி கதையைச் சொன்னேன். "அது தெரியாமயா வெச்சேன்?" என்றார். தெரியாமல்தான் வைத்திருப்பார், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. படிவத்தை இழுப்பறையிலிருந்து எடுத்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது, சுரதா பற்றிய குறிப்பை அதில்தான் எழுதினேன்.