கேள்வி கேட்டது யார்?

ஆய்வு உதவியாளரின் கடமைகளை விரிவாகப் பட்டியலிடுவது பல்கலைக்கழகங்களில் நல்ல நிர்வாகத்தின் அடையாளமாகிவிட்டது. முதுநிலையில் 55 விழுக்காடு மதிப்பெண் கேட்கும் ஆளெடுப்பு அறிவிப்புகள் வரிசையாகச் சொல்கின்றன: தரவு திரட்டுதல், பேட்டி எடுத்தல், ஒலிப்பதிவை எழுத்தாக்குதல், ஆங்கிலத்தில் பெயர்த்தல், ரகசியம் காத்தல். கடமை தெளிவாக இருக்கிறது, ஊதியம் குறித்திருக்கிறது, நன்றியுரையில் பெயரும் வருகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று இதை ஆதரிப்பவர்கள் கேட்கிறார்கள். பனியன் தொழில் நகரான திருப்பூரைப் பற்றி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுதப்பட்டுவரும் ஆய்வுகளை வைத்துப் பார்த்தால், இந்தச் சமாதானம் நிற்காது.

பட்டியலால் நன்மை உண்டு. பேராசிரியரின் வங்கி வேலையும் வீட்டு வேலையும் உதவியாளரின் தலையில் விழுவதை அது ஓரளவு தடுக்கிறது. ரகசியம் காக்கும் விதி, பேசிய தொழிலாளியின் வேலையைக் காப்பாற்றுகிறது. இவற்றை யாரும் மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் பட்டியலின் அடியில் ஒரு தவறான அனுமானம் இருக்கிறது: திரட்டுவது கைவேலை, சிந்திப்பது தலைமை ஆய்வாளரின் வேலை. திருப்பூரில் இந்தப் பிரிவினை ஒருநாள்கூடத் தாங்காது. பனியன் கம்பெனிக்குள், கான்ட்ராக்டர் பக்கத்தில் நிற்கும்போது, ஓவர்லாக் டெய்லர் ‘எந்தக் குறையும் இல்லை’ என்றுதான் சொல்வார். அந்தப் பதிலை எழுதிக்கொண்டு திரும்புவதா, சனிக்கிழமை சம்பளம் வாங்கியபின் ஞாயிறு மதியம் லைன் வீட்டில் மறுபடி பார்ப்பதா? நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்பதா, வாரத்தில் எத்தனை நாள் ஒன்றரை ஷிப்ட் என்று கேட்பதா? நூற்பாலை விடுதிப் பெண்ணிடம் வார்டன் முன்னால் பேசுவதா, பொங்கலுக்கு அவள் ஊர் திரும்பும்வரை காத்திருப்பதா? இவற்றை முடிவு செய்பவர் உதவியாளர். அந்த முடிவுகள்தாம் ஆய்வின் முறையியல். எந்தக் கடமைப் பட்டியலிலும் அவை இல்லை.

கேட்பவர் யார் என்பதும் பதிலை மாற்றும். கொங்கு நாட்டில் கவுண்டர் சமூக உதவியாளரும் அருந்ததியர் சமூக உதவியாளரும் ஒரே வினாத்தாளோடு ஒரே ஊருக்குப் போனாலும் ஒரே பதிலோடு திரும்ப மாட்டார்கள். விசைத்தறிக் கூடத்தில் வாங்கிய முன்பணத்தைப் பற்றியும் தோட்ட வேலையை விட்டு பனியன் வேலைக்குப் போன காரணத்தைப் பற்றியும் ஒருவரிடம் சொல்வதை இன்னொருவரிடம் சொல்ல மாட்டார்கள். 2004இல் வெளிவந்த ஷரத் சாரியின் ‘ஃப்ரடெர்னல் கேபிடல்’, தங்கள் உழைப்பால் முதலாளியானதாகக் கவுண்டர்கள் சொல்லும் கதைகளை மையமாக வைத்து எழுதப்பட்ட முக்கியமான நூல். இத்தகைய கதைகளை எடைபோட வேண்டுமானால், அவை யார் முன்னால் சொல்லப்பட்டவை என்பது வாசகருக்குத் தெரிந்தாக வேண்டும். உதவியாளரை மறைத்தால் அவருக்கு அநீதி நடக்கிறது, கூடவே ஆய்வின் நம்பகத்தன்மையும் குறைகிறது. கடமைப் பட்டியலை ஆதரிப்பவர்கள் கவனிக்காதது இந்த இரண்டாவது இழப்பைத்தான்.

இதை உணர்ந்தவர்கள் இல்லாமல் இல்லை. பவானி, குமாரபாளையம் நெசவுத் தொழிலையும் பின்னர் திருப்பூரையும் ஆராய்ந்த சசெக்ஸ் பல்கலைக்கழக மானிடவியலாளர் கீர்ட் டி நெவ், மானிடவியல் அறிவு உருவாவதில் உதவியாளர்களுக்கு உள்ள பங்கைப் பற்றியே 2006இல் ஒரு கட்டுரை எழுதினார். அது நேர்மையான எழுத்து. ஆனால் நேர்மையை ஒவ்வொரு அறிஞரின் மனசாட்சிக்கும் விட்டுவிட்டு நிறுவனங்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. இன்னும் பின்னால் போனால், 1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார். 1918இல் அவர் பதிப்பித்த தொகுப்பில், கிராமத்தை ஆராய்ந்த மாணவரின் பெயரிலேயே அந்தக் கிராமத்தின் அறிக்கை வந்தது. காலனிய காலத்துப் பேராசிரியர் மாணவருக்குத் தந்த இடத்தை, முதுநிலை முடித்த உதவியாளருக்குத் தர இன்றைய திட்டங்கள் தயங்குகின்றன.

விதிகளும் இந்தத் தயக்கத்துக்கு உதவுகின்றன. மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு, கட்டுரையாளராகக் கருதப்பட நான்கு நிபந்தனைகளை வைக்கிறது. தரவு திரட்டியது முதல் நிபந்தனைக்குப் போதும். ஆனால் வரைவை எழுதியோ திருத்தியோ இருக்க வேண்டும், இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தர வேண்டும், முழுமைக்கும் பொறுப்பேற்க வேண்டும். முதல் நிபந்தனையை நிறைவேற்றியவருக்கு வரைவில் பங்கேற்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்றும் அதே குழு சொல்கிறது. அந்தப் பகுதியை வசதியாக விட்டுவிடுகிறார்கள். வரைவை உதவியாளருக்குக் காட்டாமலே முடித்துவிட்டு, ‘அவர் எழுதவில்லையே’ என்று காரணம் காட்டுகிறார்கள். இதை நான் மறதி என்று ஏற்க மாட்டேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிமுறைகள் வாக்கியங்களின் ஒற்றுமையை விழுக்காட்டில் அளக்கின்றன. ஒருவரின் களத் தீர்மானங்கள் முழுவதும் இன்னொருவர் பெயரில் போவதை அந்த அளவுகோல் பிடிக்காது.

இதற்கிடையே பொறுப்பு மட்டும் உதவியாளரிடமே தங்கிவிடுகிறது. நூல் வெளியாகும்போது தலைமை ஆய்வாளர் பிரைட்டனிலோ டெல்லியிலோ சென்னையிலோ இருப்பார். அவிநாசி சாலையில் அதே கான்ட்ராக்டரைச் சந்திக்கப் போவதும், ‘எங்களைப் பற்றி என்ன எழுதினீர்கள்?’ என்ற கேள்விக்கு நின்று பதில் சொல்லப் போவதும் உதவியாளர்தான். தாம் படித்துப் பார்க்காத பக்கங்களுக்காக அவர் ஊரில் விளக்கம் சொல்கிறார்.

திருப்பூர் ஆய்வுகளில் பல, ஏற்றுமதிச் சங்கிலியின் கடைசிப் படியில் ஜாப் ஒர்க் செய்பவரை உலக பிராண்டுகள் மறைப்பதைக் கண்டிக்கின்றன. சப்ளையர் பட்டியலை வெளியிடு என்று கேட்கின்றன. சரியான கோரிக்கை. அதைக் கேட்கும் தகுதியை ஆய்வுலகம் முதலில் சம்பாதிக்க வேண்டும். தன் கடைசிப் படியில் நிற்பவரை நன்றியுரையின் நடுவில் ஒரு வரியில் முடித்துக்கொண்டு, பிராண்டுக்கு ஒழுக்கம் போதிக்க அதற்கு உரிமையில்லை.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. பேட்டிகளை நடத்தியவர் யார், எந்த ஊர், எந்தப் பின்னணி என்பதை, அவர் சம்மதித்தால், முறையியல் பகுதியில் எழுத வேண்டும். வரைவை அவரிடம் கொடுத்துத் திருத்தம் கேட்க வேண்டும். களத்தை வடிவமைத்த அளவுக்கு அவர் பெயர் கட்டுரையாளர் வரிசையில் வர வேண்டும். ஆய்வு முடிந்த பின் அவருக்கு நெருக்கடி வந்தால் யார் பொறுப்பு என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இந்த நான்கும் இல்லாத திட்டத்துக்கு எந்த நெறிக்குழுவும் அனுமதி தரக் கூடாது. கேள்வி கேட்டவரை மறைக்கும் ஆய்வு சொல்லும் பதில்களை அப்படியே நம்பும் கடமை வாசகருக்கும் இல்லை.