படித்தறிதலும் பார்த்தெழுதுதலும்

வீட்டுக் கணினியின் வரலாற்றை எழுதுவோர் பொறிகளையும் அவற்றை விற்ற நிறுவனங்களையும் விரித்துரைப்பர். அப்பொறிகளை ஆளக் கற்பித்த ஏடுகளை மறந்துவிடுவர். அவ்வேடுகளுள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது 'கம்ப்யூட்!' என்னும் அமெரிக்க இதழ். 1979 இல் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் ராபர்ட் லாக் என்பவரால் தொடங்கப்பெற்று, 1994 வரை அது வெளிவந்தது.

அதன் சிறப்பு யாது? கணினி நிரல்களை முழுமையாக அச்சிட்டமையே ஆகும். 'பேசிக்' மொழியில் அமைந்த நிரலை வாசகர் வரிவரியாகத் தம் பொறியில் தட்டெழுதினர். ஓரெழுத்துப் பிழைத்தாலும் நிரல் இயங்காது போகக்கூடும். பிழையைத் தேடுங்கால் வரிகளின் பொருள் விளங்கலாயிற்று. பேராக்கின் தோட்டங்களில் பால்மரம் சீவக் கற்றவர்க்கு இஃது எளிதில் புரியும். கத்தி ஆழ்ந்தால் மரம் புண்படும். மேலோடு நின்றால் பால் குறையும். அவ்வளவைக் கை தவறித் தவறியே அறிந்தனர்.

ஆயினும் குறையொன்று உண்டு. 1983 இல் 'எம்.எல்.எக்ஸ்.' என்னும் துணைக்கருவியை அவ்வேடு வெளியிட்டது. பின்னர் இயந்திர மொழி நிரல்கள் வெறும் எண் வரிசைகளாகவே அச்சாயின. 1984 ஜனவரியில் துணையிதழில் வந்த சார்லஸ் பிரானனின் 'ஸ்பீட்ஸ்கிரிப்ட்' அத்தகையது. ஓர் இதழின் விலையில் நல்லதொரு சொற்செயலி கிடைத்தது. பயன் பெரிது, கல்வியோ சிறிது. பிழையான எண் வரிசையைக் கருவி மறுத்தது. சரியான வரிசை செய்வது யாதென வாசகர் அறிந்திலர். விரைவுக்கு இயந்திர மொழி வேண்டும் என்பர், உண்மையே. 1985 இல் அதன் மூலநிரலை நூலாகவும் தந்தனர், அது பாராட்டுக்குரியது. ஆனால் பார்த்தெழுதும் பழக்கம் முன்னரே வேரூன்றிவிட்டது. 1988 இல் அவ்வேடு நிரல் அச்சிடுவதையே நிறுத்தியது. ஆக்குவோராய் இருந்த வாசகர் வாங்குவோராயினர்.

அயல்நாட்டு ஏட்டால் நமக்கென்ன என்று ஈப்போ வாசகர் வினவலாம். அக்காலத்து வீட்டுக் கணினி தமிழறியாது. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985 இல் 'முரசு' மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். நிரலைப் படித்தறிந்து தாமே எழுதவல்லவர் இருந்தமையாலன்றோ பொறியில் தமிழ் தோன்றிற்று!

தோட்டங்கள் பல இன்று வீட்டுமனைகளாகிவிட்டன. அங்கிருந்து பெயர்ந்தோரின் பிள்ளைகள் கையில் கணினி உண்டு. அதன் உள்ளே நிகழ்வதைத் தமிழில் விளக்கும் பக்கம் அரிது. வாரம் பத்து வரி நிரலை, வரிக்கு வரி பொருள் கூறி, நம் ஏடுகள் அச்சிடலாகாதா? எண்களையல்ல, எழுத்துகளை அச்சிடுக.